அம்மாவுக்குச் செய்த மரப்பெட்டி: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது எங்கள் குடும்பத்தில் நடந்தது. பெயர் போடவேண்டாம் என்று அண்ணன் சொன்னதால் உறவுமுறையை வைத்தே எழுதுகிறேன். பெட்டியைச் செய்தவர் அண்ணன். நான் பலகை பிடித்தவன், உப்புத்தாள் தேய்த்தவன், நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்தவன். தவறுகளில் எனக்கும் பங்கு உண்டு.

அண்ணன் மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பிறை தொழிற்பேட்டையில் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். புக்கிட் மெர்தாஜாமில் வீடு. கார் நிறுத்தும் முன்பக்கம்தான் பட்டறை: மேலே கூரை உண்டு, மூன்று பக்கமும் திறப்பு. தச்சு வேலையை முறையாகக் கற்றவர் இல்லை. ஆனாலும் நாற்காலி, பூஜை அலமாரி, பேரப்பிள்ளைக்குத் தொட்டில்பலகை என்று பத்து வருடமாகச் செய்துவருகிறார். அம்மா பினாங்குத் தீவில், குளுகோரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் அக்காவோடு இருக்கிறார்.

அம்மாவிடம் ஒரு பழைய தகரப் பெட்டி இருந்தது. அதில்தான் அவருடைய கூறைப்புடவை, பாட்டியின் இரண்டு பட்டு, தோட்டத்துச் சம்பளச் சீட்டுகள், குடியுரிமை கிடைக்காமலே போய்ச்சேர்ந்த தாத்தாவின் சிவப்பு அடையாள அட்டை எல்லாம் இருந்தன. ஒருநாள் திறந்தபோது பெட்டியின் அடியில் துரு கட்டி, பாட்டியின் பட்டில் உள்ளங்கை அகலத்துக்குக் காவிக் கறை பிடித்திருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அக்காதான் அண்ணனைக் கூப்பிட்டு, “அடுத்த தீபாவளிக்குள்ள ஒரு மரப்பெட்டி செஞ்சு குடுத்துடுண்ணா” என்றார். அது ஜூலை மாதம்.

மரம் எடுத்தது

அளவு முதலிலேயே முடிவானது: நீளம் 1100 மில்லிமீட்டர், அகலம் 460, உயரம் 500. புடவையை நான்காக மடித்து நீளவாக்கில் வைக்க இது போதும். லிஃப்டின் உள்ளளவையும் அக்கா அளந்து அனுப்பினார்.

பெட்டியின் உடலுக்கு நியாத்தோ மரம். செம்மை கலந்த பழுப்பு நிறம், இழைத்தால் நல்ல பளபளப்பு, விலையும் தேக்கைவிடக் குறைவு. சில நியாத்தோ வகைகளில் மணற்சத்து இருப்பதால் ரம்பத்தின் பல் சீக்கிரம் மழுங்கும். எங்களுக்கு வந்ததும் அந்த வகைதான். ஆனாலும் குறை சொல்லமாட்டேன், அழகான பலகைகள்.

மூடியைச் செங்கால் மரத்தில் போடலாமா என்று ஒரு பேச்சு வந்தது. (‘செங்கல்’ என்று எழுதிவிட்டால் கொத்தனார் வேலையாகிவிடும், அதனால் எங்கள் வீட்டில் ‘செங்கால்’ என்றே எழுதுவது வழக்கம்.) கூலிம் பக்கம் தாத்தா குடியிருந்த வீட்டை இடித்தபோது வாசல் நிலையை அண்ணன் கொண்டுவந்து பத்திரமாக வைத்திருந்தார். செங்கால் கனமான மரம். ஒரு கன மீட்டர் 900 கிலோவைத் தாண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தோம். நியாத்தோவில் மூடி ஏறத்தாழ 7 கிலோ. செங்காலில் 10 கிலோவுக்கு மேல். அம்மாவுக்கு வயது 78. திறக்கப்போகிறவர் அவர். அதனால் செங்காலை மூடிக்கு வேண்டாம் என்று விட்டு, நான்கு காலுக்கு எடுத்துக்கொண்டோம். தரை துடைக்கும் தண்ணீர் பட்டாலும் தாங்கும், கரையானும் எளிதில் தொடாது.

அம்மாவுக்கு அதில் ஒரு சங்கடம். “மஞ்சள் குங்குமம் வெச்ச நிலையைக் காலுக்கா போடுவ?”

“வீட்டையே தாங்கின மரம்மா. பெட்டியைத் தாங்கட்டுமே.”

அம்மா கொஞ்சநேரம் யோசித்துச் சரி என்றார். பழைய மரத்தில் ஆணி மறைந்திருக்கும் என்று காந்தம் வைத்துத் தேடினோம், ஏழு ஆணி கிடைத்தது. எட்டாவதை இழைப்புளி கண்டுபிடித்தது.

பெட்டிக்குள் அடிப்பலகைகளைத் தாங்க நீளவாக்கில் இரண்டு சட்டம் வேண்டும். அதற்கு அம்மாவே ஒரு மரம் சொன்னார்: பால்மரம். அவர் பிறந்த தோட்டத்தில் மறுநடவுக்காகப் பழைய ரப்பர் மரங்களைச் சாய்த்தபோது, அங்கே இருக்கும் சித்தப்பா மகன் சில சட்டங்களை அறுத்து வைத்திருந்தார். பாட்டி பால் வெட்டிய மரம், பாட்டியின் பட்டு இருக்கும் பெட்டியில் ஒரு துண்டாவது இருக்கட்டும் என்பது அம்மாவின் எண்ணம். யாரும் மறுத்துப் பேசவில்லை. சட்டங்கள் வெளிறிய நிறத்தில், ஓட்டை ஒடிசல் இல்லாமல், கைக்கு வழவழப்பாக இருந்தன. அதற்கு மருந்து ஏற்றியதா என்று அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஈரம் பார்த்தது

இந்தப் பகுதியை விரிவாக எழுதவேண்டும். பின்னால் வந்த பெரிய தொல்லைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

பலகைக் கடையில் ‘சூளையில் காய்ந்த மரம்’ என்றுதான் சொன்னார்கள். அண்ணன் ஊசி வைத்த ஈரமானி ஒன்று வாங்கியிருந்தார். பலகையின் மேல்பரப்பில் 14 சதவீதம் காட்டியது. முனையிலிருந்து ஒரு சாண் அறுத்துவிட்டு, புதிதாக வெட்டிய முகத்தின் நடுவில் குத்தினால் 18. மேலே காய்ந்து உள்ளே காயாத மரம், அல்லது காய்ந்த பிறகு கடையின் திறந்த கொட்டகையில் கிடந்து மறுபடி ஈரம் குடித்த மரம்.

சரி என்று பலகைகளுக்கு இடையில் குச்சி வைத்து, காற்றோட்டமாக அடுக்கி, மேலே பாரம் ஏற்றி வைத்தோம். வாரத்துக்கு ஒருமுறை அளந்து எழுதினேன்: 18, 17, 16.5, 16, 16. ஐந்தாவது வாரம் இறங்கவில்லை. அண்ணன், “நின்னுடுச்சு, காஞ்சாச்சு” என்றார். நானும் தலையாட்டினேன்.

எண் நின்றதற்குக் காரணம் மரம் முழுதாகக் காய்ந்தது அல்ல. மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றோடு சமன் ஆகும்வரைதான் ஈரத்தை விடும். எங்கள் ஊர்க் காற்றில் திறந்தவெளியில் அந்தச் சமநிலை 15, 16 சதவீதத்திலேயே நின்றுவிடும். தினமும் ஏர்கண்டிஷன் ஓடும் அறையில் அது 11, 12க்கு இறங்கும். எங்கள் மரம் கார் நிறுத்தும் இடத்துக்குத் தயாராகியிருந்தது. அம்மாவின் அறைக்குத் தயாராகவில்லை. அம்மா இரவு முழுக்க ஏர்கண்டிஷன் போட்டுத்தான் தூங்குவார் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். தெரிந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மூட்டுகளும் மூடியும்

நான்கு மூலைக்கும் புறாவால் மூட்டு. ஒரு பலகையின் முனையில் புறாவின் வால்போல் விரிந்த பற்கள், அடுத்த பலகையில் அதற்கேற்ற பள்ளங்கள். இழுத்தாலும் பிரியாது. அண்ணன் நான்கு வாரம் சனி ஞாயிறு முழுக்க இதிலேயே செலவழித்தார். அறுத்து, உளியால் கொத்தி, பொருத்திப் பார்த்து, மறுபடி சீவி. முதல் மூலையில் தாள் நுழையும் அளவு இடைவெளி. நான்காவது மூலையில் மயிரிழை தெரியாது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் மூலையைத்தான் தடவிப் பார்த்தார்கள். இன்றுவரை அந்த மூட்டுகளில் ஒரு குறையும் இல்லை. பக்கப் பலகைகள் நான்கிலும் ரேகை கிடைவாக்கில் ஓடுவதால் சுருங்கினாலும் விரிந்தாலும் நான்கும் சேர்ந்தே உயரத்தில் அசையும், ஒன்றையொன்று இழுக்காது.

மூடிக்குச் செலவான நேரம் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. முன்பக்கம் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று நான்கு பலகையைப் பக்கவாட்டில் ஒட்டி 480 மில்லிமீட்டர் அகலம். மூடி வளையாமல் இருக்க இரண்டு முனையிலும் குறுக்காக ஒரு சட்டம், நாக்கும் காடியுமாக (மூடியின் முனையில் துருத்தும் நாக்கு, சட்டத்தின் காடி என்ற பள்ளத்தில் நுழையும்). அந்தக் காடி முழுவதும் வெள்ளைப் பசையை ஊற்றி, கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டோம்.

மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்குவதே இல்லை, சுருங்குவது அகலத்தில். சாதாரணமாக அறுத்த பலகையில் ஈரம் 4 சதவீதம் குறைந்தால் அகலம் ஏறக்குறைய 1 சதவீதம் குறையும் என்பது தச்சர்களின் கைக்கணக்கு. 16லிருந்து 11க்குப் போனால் 480 மில்லிமீட்டர் மூடி 6 மில்லிமீட்டர் ஒடுங்கப் பார்க்கும். குறுக்குச் சட்டமோ தன் நீளவாக்கில் நிற்கிறது, ஒடுங்காது. இரண்டையும் முழுநீளத்துக்குப் பசையால் கட்டிப்போட்டால் நடுவில் ஏதாவது ஒன்று கிழிந்துதான் ஆகவேண்டும். இந்த விஷயம் அண்ணனுக்குத் தெரியாதது இல்லை. பூஜை அலமாரிக் கதவில் பலகையைக் காடியில் பசையில்லாமல் விட்டவர் அவர்தான். நான் கேட்டபோது, “நம்ம ஊருல எங்கடா காயப்போவுது, வருஷம் முழுக்க மழைதானே” என்றார்.

குழந்தையை நினைத்து எடுத்த முடிவுகள்

அக்காவின் மகளுக்கு மூன்று வயதுப் பையன். வாரக்கடைசியில் பாட்டி வீட்டில்தான் இருப்பான், எங்கே பார்த்தாலும் ஒளிஞ்சு விளையாட்டு. அதனால் மூன்று விஷயங்களில் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒன்று, தானாகப் பூட்டிக்கொள்ளும் கொண்டி எதுவும் கிடையாது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட மரப்பெட்டிகளுக்குள் ஏறிய பிள்ளைகள், மூடியதும் தானே விழுந்து பூட்டிக்கொள்ளும் பூட்டால் வெளியே வரமுடியாமல் மூச்சடைத்து இறந்திருக்கிறார்கள். 1912 முதல் 1987 வரை செய்யப்பட்ட சுமார் 1 கோடியே 20 லட்சம் பெட்டிகளின் பூட்டை மாற்றித்தரும் ஏற்பாடு 1996இல் அங்கே தொடங்கியது. எங்கள் பெட்டிக்கு வெளியிலிருந்து மாட்டும் ஒரு சிறு நாதாங்கிகூட வைக்கவில்லை. அம்மாவுக்கு அதில் மனக்குறைதான், பெட்டி என்றால் பூட்டு வேண்டாமா என்று. நகை எதுவும் அதில் இல்லை என்று சொல்லிச் சமாதானம் செய்தோம்.

இரண்டு, காற்று. அடிப்பலகைகளுக்கு இடையே 3 மில்லிமீட்டர் சந்து, பின்பலகையின் மேல்வரிசையில் ஆறு துளை. குழந்தைக்கும் நல்லது, துணிக்கும் நல்லது. காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி அப்படியே தங்கினால் பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கும். இறுக்கி மூடிய பெட்டிக்குள் ஈரம் ஒருமுறை நுழைந்தால் வெளியே போக வழியில்லை. மூடிக்கு, எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கும் தாங்கி இரண்டு போட்டோம். விரல் நசுங்காமல் இருக்க அது அவசியம். சாதாரணச் சங்கிலி மூடி பின்னால் சாய்வதைத்தான் தடுக்கும், முன்னால் விழுவதைத் தடுக்காது.

மூன்றாவது அந்துருண்டை. பையனுக்கு ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவு) உண்டு. மலேசியாவில் பிறந்த குழந்தைக்கெல்லாம் இந்தச் சோதனை செய்கிறார்கள், அப்போதே தெரிந்துவிட்டது. இந்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன் ஆகாது, சிவப்பணுக்கள் உடைந்துபோகும். அந்துருண்டை போட்டுவைத்த துணியைச் சுற்றியதாலேயே கைக்குழந்தைகளுக்கு மஞ்சள்காமாலை முற்றிய சம்பவங்கள் மருத்துவர்களிடம் உண்டு. தகரப் பெட்டியில் கிடந்த உருண்டைகளை அக்கா எப்போதோ தூக்கிப்போட்டிருந்தார். புதுப் பெட்டிக்கும் கிடையாது என்று முடிவு. கற்பூரத்தையும் எதற்கு வம்பு என்று ஒதுக்கினோம். வசம்பும் காய்ந்த வேப்பிலையும் மெல்லிய துணியில் முடிந்து வைப்பது அம்மா பழகிய முறை, அதுவே போதும் என்றார்.

எண்ணெய் பூசிய நாள்

அக்டோபர் முதல் வாரம், பினாங்கில் மழை கொட்டும் காலம். வெளிப்புறத்துக்கு எண்ணெய் கலந்த வார்னிஷ் மூன்று பூச்சு, துணியால் தேய்த்துப் பூசும் வகை. நியாத்தோ சிவந்து எழுந்துவந்தது. மிச்சம் இருந்த ஆளிவிதை எண்ணெயைப் பார்த்துவிட்டு, உள்பக்கமும் வெறுமையாக இருக்கிறதே என்று அண்ணன் தாராளமாக ஒரு பூச்சு கொடுத்தார், மூடியின் அடிப்பக்கத்துக்கும் சேர்த்து.

அன்று மதியம் ஒன்று நடந்தது. எண்ணெய் தேய்த்த துணிகளைப் பந்தாகச் சுருட்டி ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டுவிட்டு நாங்கள் சாப்பிடப் போய்விட்டோம். இரண்டு மணி நேரம் கழித்து அண்ணி வந்து, “என்னமோ தீயற வாசனை வருது, வந்து பாருங்க” என்றார். வாளிக்குள் கைவைத்த அண்ணன் சட்டென்று கையை எடுத்தார். துணி சுட்டது. ஆளிவிதை எண்ணெய் காய்வது தண்ணீர் ஆவியாவது போல அல்ல. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது, அப்போது சூடு பிறக்கிறது. துணியை விரித்துப் போட்டால் சூடு காற்றோடு போய்விடும். சுருட்டி வைத்தால் உள்ளேயே தங்கி, தீக்குச்சி இல்லாமலே தீப்பிடிக்கும். வாளியில் தண்ணீரை ஊற்றினோம். பக்கத்தில் மரத்தூள் மூட்டை இரண்டு இருந்தன, அதற்கடுத்தது கார். அதற்குப் பிறகு எண்ணெய்த் துணியைக் கம்பிவேலியில் ஒற்றை ஒற்றையாகத் தொங்கவிடுவது அண்ணி போட்ட சட்டம்.

தீபாவளிக்கு ஐந்து நாள் முன்பு லோரியில் ஏற்றிப் பாலம் கடந்து கொண்டுபோய் வைத்தோம். அம்மா மூலைகளைத் தடவிப் பார்த்தார். தீபாவளி முடிந்ததும் புடவைகளை அடுக்கினார்.

மூன்று தொல்லைகள்

முதலில் வாசனை. பொங்கலன்று பட்டு எடுக்கத் திறந்த அம்மா, “எண்ணெய் சிக்கு வாடை வருது” என்றார். பழைய பலகாரப் பாத்திரம்போல ஒரு வாடை. புடவையிலும் ஏறியிருந்தது. பெட்டியின் உள்சுவரைத் தொட்டால் விரலில் லேசாக ஒட்டியது. பூசி மூன்று மாதம் ஆகியும் எண்ணெய் இறுகவில்லை.

அப்புறம் விரிசல். தைப்பூசம் கழிந்த வாரம், அக்கா படம் எடுத்து அனுப்பினார். மூடியின் வலது முனையிலிருந்து ஒரு முழ நீளத்துக்குப் பிளவு, முனையில் 3 மில்லிமீட்டர் அகலம். இரவில் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டதாக அம்மா சொன்னார். ஜனவரி, பிப்ரவரி பினாங்கில் மழை குறைந்த மாதங்கள். வெயில் அதிகம் என்பதால் ஏர்கண்டிஷன் பகலிலும் ஓடியிருக்கிறது.

மார்ச்சில் மூன்றாவது. தரை துடைக்கப் பெட்டியை நகர்த்தியபோது அடியில் வெண்மஞ்சளாகப் பொடி, இரண்டு சின்னக் குவியல். அக்கா கரையான் என்று பயந்துவிட்டார். நான் ஒரு சிட்டிகை எடுத்து விரலிடையில் தேய்த்துப் பார்க்கச் சொன்னேன். உலர்மரக் கரையான் என்றால் கசகசா போலத் தனித்தனி மணிகளாக உருளும். இது முகப்பவுடர் போல மிருதுவாக இருந்தது என்றார். அப்படியானால் வண்டு. மரத்தை உளுக்கவைக்கும் சின்னப் பழுப்பு வண்டு. மலாயில் ‘பூபுக்’ என்பார்கள்.

காரணம் தேடியது

சனிக்கிழமை அண்ணனும் நானும் போனோம். அண்ணன் வழிநெடுகப் பேசவில்லை.

ஈரமானியை மூடியின் அடியில் குத்தினோம்: 11.5. அறையில் அக்கா வைத்திருந்த ஈரப்பதமானி 54 சதவீதம் காட்டியது. அதே நேரம் பால்கனியில் 71. மூடியின் நடுப்பகுதி அகலம் 476. முனைகளில் குறுக்குச் சட்டம் பிடித்துவைத்திருந்ததால் இன்னும் 480. விரிசலுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. கடைக்காரர் மரத்தைக் குறை சொல்லலாமா என்று அண்ணன் ஒரு நிமிடம் பார்த்தார். என் நோட்டில் ஐந்து வார எண்களும் இருந்தன. நாங்கள் 16இல் வேலையைத் தொடங்கியது எங்கள் முடிவு.

வாசனைக்குக் காரணம் அதே ஆக்சிஜன். திறந்தவெளியில் சில நாளில் இறுகும் எண்ணெய், மூடிய பெட்டிக்குள் காற்று போதாமல் அரைகுறையாகவே கிடந்து சிக்கு வாடை விடும். வெளிப்புறத்தில் இதே குடும்பத்து எண்ணெய் ஒரு தொல்லையும் தரவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். பொருளில் குற்றம் இல்லை, வைத்த இடத்தில்தான். மடித்த துணி வைக்கும் பெட்டியின் உள்ளே இறுகுவதற்குக் காற்று கேட்கும் எண்ணெய் எதுவும் ஆகாது.

பொடி எங்கிருந்து வந்தது என்று தேட அடிப்பலகைகளை எடுத்தோம். நியாத்தோவில் ஒரு துளையும் இல்லை. பால்மரச் சட்டம் இரண்டிலும் ஊசிமுனையால் குத்தியதுபோல 1, 2 மில்லிமீட்டர் துளைகள், ஒரு சட்டத்தில் எண்ணியதில் பதினேழு. கட்டைவிரலால் அழுத்தினால் ஓர் இடத்தில் உள்ளே போனது. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், இந்த வண்டின் புழுவுக்கு அதுதான் சாப்பாடு. மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலைகளில் மரத்தை அறுத்த கையோடு போரான் மருந்தை அழுத்தத்தில் உள்ளே ஏற்றிவிடுவார்கள். எங்களுக்கு வந்தது அறுத்துக் காயவைத்த சும்மா மரம். முட்டை எப்போது ஏறியதோ, தோட்டத்திலா, அண்ணன் வீட்டிலா, சொல்லமுடியாது. வழவழப்பான மேல்பரப்புக்குள் புழு மாதக்கணக்கில் தின்னும். வண்டாகி வெளியே துளைத்து வரும்போதுதான் நமக்குத் தெரியும்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பது அன்றைக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. அண்ணனே சொன்னார். “பாட்டி மரத்தைப் பூச்சி தின்னுடுச்சும்மா.” அம்மா, “தோட்டத்துலயும் அதேதான் நடந்துச்சு, கட்டிலெல்லாம் உளுத்துப்போவும்” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு டீ போடப் போனார். எங்களுக்கு முன்பே இது தெரிந்திருந்தவர் வீட்டில் அவர் ஒருவர்தான், அவரிடம் கேட்டிருக்கலாம்.

திருத்த வேலை

எல்லாவற்றையும் மறுபடி புக்கிட் மெர்தாஜாமுக்குக் கொண்டுபோவதா, குளுகோரிலேயே செய்வதா என்பது முதல் முடிவு. பட்டறைக்குக் கொண்டுபோனால் மரம் திரும்ப ஈரம் குடிக்கும், பழைய கதைதான். அதனால் அறுக்கும் வேலையை மட்டும் அங்கே செய்து, ஒட்டுவதும் பூசுவதும் அம்மா வீட்டில் என்று வைத்துக்கொண்டோம்.

உளுத்த சட்டங்களை அன்றே பையில் கட்டி எடுத்துப்போய் எரித்தோம். வண்டு மற்ற மரத்துக்குத் தாவக்கூடாது என்பதில் தாமதிக்கவில்லை. நியாத்தோவின் உள்பக்கத்தில் சட்டம் தொட்டிருந்த இடங்களிலும் பலகை முனைகளிலும் போரிக் அமிலமும் போராக்சும் கரைத்த தண்ணீரைத் தூரிகையால் இரண்டு முறை கொடுத்தோம். புதுச் சட்டம் செங்கால் நிலையில் மிஞ்சிய துண்டிலிருந்து.

மூடியைக் கழற்றிக் குறுக்குச் சட்டம் இரண்டையும் அறுத்தெடுத்தோம். விரிசலோடு நேராகப் பிளந்து, விளிம்புகளை இழைத்து, அம்மாவின் அறையில் இரண்டு வாரம் கிடக்கவிட்டு, பிறகு ஒட்டினோம். அகலம் 471 வந்தது. முன்பக்க நீட்டல் குறைந்ததே தவிரப் பெட்டியை மூடப் போதும். புதுக் குறுக்குச் சட்டத்தில் நடுவில் மட்டும் நான்கு அங்குலத்துக்குப் பசை. இரண்டு ஓரத்திலும் மர ஆணி, ஆனால் நாக்கில் அது நுழையும் துளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டம். மூடி ஒடுங்கினாலும் விரிந்தாலும் ஆணி அந்த நீளத்துளைக்குள் நகர்ந்துகொள்ளும்.

உள்பக்க எண்ணெய்க்குத்தான் அதிக நாள் பிடித்தது. டர்பன்டைனில் நனைத்த துணியால் துடைத்து, மூடியில்லாத பெட்டியைப் பால்கனியில் வைத்து, மின்விசிறி ஓடவிட்டு ஐந்து வாரம். ஒட்டுவது நின்றபிறகு உப்புத்தாள் தேய்த்து, மெழுகு நீக்கிய அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசினோம். அரக்கு அரைமணியில் காயும், அடியில் உள்ள வாடையை அடைக்கும், காய்ந்தபின் தனக்கென்று வாசனை கிடையாது.

முதல் பூச்சை நாங்கள் ஏப்ரலில் ஒரு சாயங்காலம், இடி இடித்துக்கொண்டிருக்கும்போது கொடுத்தது அவசரம். பத்து நிமிடத்தில் பரப்பெல்லாம் வெள்ளை பூத்துவிட்டது. ஸ்பிரிட் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, ஈரக் காற்று அதில் பனித்து உள்ளே சிக்கிக்கொள்கிறது. அழிந்துபோகவில்லை, மறுநாள் பதினொரு மணிக்கு மேல் வெயில் ஏறியதும் ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒரு தடவு தடவியதும் தெளிந்தது. மிச்ச இரண்டு பூச்சும் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் இடையில்தான். ஸ்பிரிட் ஆவி தீப்பற்றும் என்பதால் அந்த நேரத்தில் சாமி விளக்கு ஏற்றவேண்டாம் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டோம். மாலையில் ஏற்றிக்கொண்டார்.

மறுபடி செய்தால்

அண்ணன் இப்போது அக்கா மகளுக்கு ஒரு பெட்டி செய்துகொண்டிருக்கிறார். அதில் மாறியவை இவை. மரம் வாங்கியதும் பட்டறையில் அடுக்குவது முதல் கட்டம் மட்டுமே. அறுத்து அளவாக்கிய பலகைகள் ஒரு மாதம் அவள் வீட்டு அறையில் கிடந்துவிட்டுத்தான் ஒட்டப்படுகின்றன. அவள் முகம் சுளித்தாள், கட்டிலுக்கடியில் பலகை அடுக்கியதற்கு. மூடி திடப்பலகை இல்லை. சட்டத்துக்குள் பசையில்லாமல் மிதக்கும் பலகை. உள்ளே அரக்கு மட்டும். வெளியில் எத்தனை பூச்சோ மூடியின் அடியிலும் அத்தனை, ஏனென்றால் அம்மாவின் மூடி விரிசலுக்கு முன்பே லேசாகக் குழிந்திருந்ததைப் பிற்பாடுதான் படங்களில் கவனித்தோம். மேலே மூன்று பூச்சும் அடியில் ஒன்றும் இருந்தால் ஈரம் ஒரு பக்கம் சீக்கிரம் நுழையும், சீக்கிரம் வெளியேறும், பலகை வளையும்.

புறாவால் மூட்டில் மாற்றம் ஒன்றும் இல்லை. நான்கு வாரம் வேண்டுமா என்று கேட்டேன், முறைத்தார்.

இன்றைய நிலை

திருத்தம் முடிந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது, இடையில் ஒரு வறண்ட பிப்ரவரியும் ஒரு மழை அக்டோபரும் போயிருக்கின்றன. மூடியின் அகலத்தை மாதம் ஒருமுறை அளக்கிறோம்: 470க்கும் 472க்கும் நடுவில் ஏறி இறங்குகிறது, விரிசல் இல்லை. புடவையில் வசம்பு வாசனை மட்டும்தான். பாட்டியின் பட்டில் துருக்கறை அப்படியேதான் இருக்கிறது, அதைக் கிளறவேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார்.

பால்மரச் சட்டங்களில் துளை விழாத ஒரு துண்டை மட்டும் எரிக்காமல் அம்மா வாங்கி வைத்துக்கொண்டிருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதை அப்படியே பெட்டியில் வைக்கவிட அண்ணனுக்கு மனமில்லை. பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, அக்கா வீட்டு ஃபிரீசரில் மீனுக்குப் பக்கத்தில் இரண்டு வாரம் வைத்தார்; அந்தக் குளிரில் புழுவும் முட்டையும் பிழைக்காது. பிறகு ஆறு பக்கமும் அரக்குப் பூசினார். பூச்சு போட்டு அடைத்த மரத்தில் இந்த வண்டு முட்டையிட இடம் கிடைக்காது. இப்போது அது தாத்தாவின் சிவப்பு அட்டையோடு ஓர் உறைக்குள் இருக்கிறது, அடியில் ஒரு கறுப்புத் தாள். போகும்போதெல்லாம் அண்ணன் அந்தத் தாளை எடுத்து வெளிச்சத்தில் பார்க்கிறார், பொடி விழுந்திருக்கிறதா என்று. இதுவரை இல்லை.